லயத்துப் பின்புற நிழலில் அந்தூரியம்



லயத்துக்குப் பின்னால் வெயில் படாத ஒரு துண்டு நிலம் நம்மில் பலருக்கு இருக்கிறது. மேலே பலாவோ முள்முருங்கையோ மூடிக்கொண்டிருக்கும். கத்தரி, மிளகாய் நட்டால் செடி நெட்டையாக வளருமே தவிர காய் பிடிக்காது. “அந்த மூலையில என்னத்த வெளைய வைக்கிறது?” என்று விட்டுவிடுகிறோம். விறகு அடுக்கவும் உடைந்த சாமான் போடவும்தான் அந்த இடம் உதவுகிறது.

அந்த நிழலையே மூலதனமாக வைத்துச் செய்யக்கூடிய ஒரு தொழிலைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். அதுதான் அந்தூரியம் வளர்ப்பு.

குளிர் நாடுகளில் ஹெல்லிபோர் என்று ஒரு பூச்செடி உண்டு. பனிக்காலத்தில் மற்றச் செடிகள் உறங்கும்போது மரத்தடி நிழலில் பூக்கும். அதில் பல நிறக் கலப்பினங்களை உண்டாக்கி வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். அது நமது நாலந்தாவின் வெப்பத்துக்கு ஒத்துவராது. இங்கே மரநிழலுக்கு ஏற்ற கலப்பினப் பூ என்றால் அந்தூரியம்தான்.

இது எங்கிருந்து வந்தது?

அந்தூரியத்தின் தாயகம் தென் அமெரிக்கா. கொலம்பியா நாட்டின் மழைக்காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்த இச்செடியை, 1876ஆம் ஆண்டு எடுவார் ஆந்திரே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1889இல் அது ஹவாய்த் தீவுக்குப் போனது. அங்கே சிறு குடும்பங்கள் வீட்டு நிழலில் வளர்த்து, இனத்தோடு இனம் கலந்து, பல நிறங்களை உண்டாக்கின. இன்று நமது நாட்டிலும் சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை என்று பல கலப்பினங்கள் கிடைக்கின்றன.

சேம்பும் கருணைக்கிழங்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் பூ என்று சொல்லும் சிவப்புப் பகுதி உண்மையில் நிறம் மாறிய ஒரு இலை, அதாவது மடல். நடுவில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் கதிரில்தான் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் இருக்கின்றன. சேம்பைப் போலவே இதன் சாறும் அரிக்கும். குழந்தைகள் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ஆகவே தவழும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் சாடியை வைக்க வேண்டும்.

எவ்வளவு நிழல்?

வெயிலில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கைத் தடுக்கும் நிழல் தேவை. இதை அளக்கக் கருவி வேண்டாம். பகல் 12 மணிக்குச் செடி வைக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் மங்கலாக, ஓரம் தெளியாமல் விழுந்தால் இடம் சரி. விரல் விரலாகக் கறுப்பாக விழுந்தால் வெயில் அதிகம். நிழலே தெரியாவிட்டால் இருட்டு அதிகம்.

பிறகு செடியே சொல்லும். இலை வெளுத்து மஞ்சளாகிக் கருகினால் வெயில் கூடிவிட்டது. இலைக்காம்பு நீண்டுகொண்டே போய், பூ வராமல் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. மரக்கிளையை அளவாக வெட்டிவிடலாம். மரம் இல்லாதவர்கள் நான்கு கம்பு நட்டு நிழல் வலை கட்டலாம், தென்னோலையும் போடலாம். மரம் வெட்டவும் கம்பு நடவும் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில் மட்டும் செடியை வைக்காதீர்கள்.

ஏன் சாடியில்?

நிலத்திலும் வளர்க்கலாம். ஆனால் நமக்குச் சாடியே நல்லது என்று சொல்வோம். மண் தோட்டத்துக்குச் சொந்தம். சாடி நமக்குச் சொந்தம். வீடு மாறினாலும், மகள் கல்யாணமாகிப் போனாலும், சாடியைத் தூக்கிக்கொண்டு போகலாம். நோய் வந்த செடியை உடனே தனியாக்கவும் முடியும்.

விலைக்குச் சாடி வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பழைய டின், உரப்பை எதுவும் போதும். அடியில் நாலைந்து துளைகள் இருக்க வேண்டும்.

அந்தூரியம் காட்டில் மரத்தைப் பற்றியும் இலைக்குப்பையிலும் வளரும் செடி. அதன் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். வெறும் மண்ணில் இறுக்கி நட்டால் மழைக்காலத்தில் வேர் அழுகிவிடும். நிரப்பும் முறை இது:

1. அடியில் இரண்டு அங்குலத்துக்கு உடைந்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு.
2. அதற்குமேல் சிறிதாக வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு கலந்து போட வேண்டும். மட்டையை முன்கூட்டியே இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, கறுத்த நீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.
3. செடியின் குருத்துப் பகுதி புதையாமல், வேர் மட்டும் மூடும்படி நட வேண்டும்.

தண்ணீரும் உரமும்

நமது பகுதியில் ஐப்பசி முதல் மார்கழி வரை நல்ல மழை. அப்போது தண்ணீர் ஊற்றுவதைவிட வடிவதைக் கவனிப்பதே வேலை. ஆனி முதல் புரட்டாசி வரை வறட்சியும் காற்றும். அப்போது காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவையும், திரும்பி வந்ததும் ஒரு தடவையும் ஊற்ற வேண்டும். சாடிகளைச் சுற்றியுள்ள தரையை நனைத்துவிட்டால் காற்றில் ஈரம் நிற்கும்.

சாடிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள். வேரும் அழுகும், டெங்கு நுளம்பும் முட்டையிடும்.

உரம் கொஞ்சமாகப் போதும். நன்றாக மக்கிய மாட்டெருவை நீரில் கரைத்து, வடிகட்டி, இளம் தேநீர் நிறத்துக்கு மெலிதாக்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊற்றலாம். “நெறைய போட்டா நெறைய பூக்கும்” என்பது தவறு. உரம் கூடினால் வேர் கருகும்.

பூவின் கணக்கு

வளர்ந்த செடியில் ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் ஒரு பூ வரும். ஆகவே வருஷத்துக்கு எத்தனை இலை விடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை பூ. நன்றாகப் பராமரித்த செடி ஆறு முதல் எட்டுப் பூ வரை தரும். பத்துச் செடியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். ஐம்பது, நூறு சாடி என்று பெருகிய பிறகுதான் கையில் காசு தெரியும்.

கதிரில் அடியிலிருந்து முக்கால் பங்கு வரை நிறம் மாறிய பிறகே பூவை வெட்ட வேண்டும். பிஞ்சாக வெட்டினால் சீக்கிரம் வாடும். காலையிலோ மாலையிலோ வெட்டி உடனே தண்ணீரில் வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேலும் நிற்கும். மணவறை அலங்காரம் செய்பவர்கள், மாத்தளை, தம்புள்ளைப் பூக்கடைகள், சீகிரியப் பக்கத்து ஹோட்டல்கள் ஆகியோரிடம் முதலில் விசாரியுங்கள். என்ன நிறம், எத்தனை அங்குலம், வாரத்துக்கு எத்தனை என்று கேட்ட பிறகு செடியைப் பெருக்குங்கள்.

செடியைப் பெருக்குவது

தாய்ச்செடிப் பக்கத்தில் வரும் கன்றுக்கு இரண்டு மூன்று வேரும் மூன்று நான்கு இலையும் வந்ததும் பிரித்து நடலாம். கன்று தாயைப் போலவே பூக்கும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். கதிரில் பெண் பாகம் முதலில் முதிர்ந்து பளபளவென்று ஈரமாக இருக்கும். மகரந்தம் சில நாள் கழித்தே வரும். ஒரு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து வேறொரு செடியின் ஈரக் கதிரில் தடவினால் கலப்பினம் கிடைக்கும். பழம் பழுக்க ஆறு மாதத்துக்கு மேல், நாற்றுப் பூக்க இரண்டு மூன்று வருஷம். என்ன நிறம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இது பொறுமைசாலிகளின் வேலை.

பயப்பட வேண்டிய நோய்

1980களில் ஹவாயில் பக்டீரியா வெப்பு நோய் பரவி, பல சிறு வளர்ப்பாளர்கள் தொழிலையே விட்டார்கள். நாமும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இலை ஓரத்தில், அடிப்பக்கம், தண்ணீர் ஊறியது போன்ற புள்ளிகள் தோன்றும். பிறகு அவை கபில நிறமாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டும். நோய் தண்டுக்குள் போனால் இலை மஞ்சளாகி, தொட்டதும் காம்போடு கழன்று வரும். இதற்கு மருந்து அடித்துக் குணமாக்க முடியாது. செடியைச் சாடிக் கலவையோடு அப்புறப்படுத்தி எரிக்க வேண்டும். “பாவம், இன்னும் ஒரு இலை பச்சையா இருக்கே” என்று வைத்தால் மற்றச் சாடிகளும் போய்விடும்.

இந்நோய் கத்தியிலும், கையிலும், தெறிக்கும் தண்ணீரிலும் பரவும். ஒவ்வொரு செடிக்குப் பிறகும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள், அல்லது கொதிநீரில் சில நிமிஷம் போடுங்கள். இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள். சாடிக்குச் சாடி இலை முட்டாத இடைவெளி விடுங்கள். பக்கத்து லயத்து அக்கா அன்போடு தரும் கன்றானாலும் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றதோடு சேருங்கள்.

எப்படித் தொடங்குவது?

கடன் வாங்கித் தொடங்க வேண்டாம். முதலில் ஐந்து செடி. ஒரு மழைக்காலமும் ஒரு வறட்சியும் அவை தாக்குப்பிடித்தால் உங்கள் இடமும் கைப்பழக்கமும் சரி என்று அர்த்தம். பிறகு கன்றுகளால் பெருக்குங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து செய்தால், ஒருவர் பெரட்டுக்குப் போகும்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் தண்ணீர் பார்க்கலாம். பூவையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பலாம். வருமானத்தை யார் யாருக்கு எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

நோய், உரம் பற்றிய சந்தேகங்களுக்குப் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் கேட்கலாம். சாடிகளை அடுக்குமுன் விறகை வேறு பக்கம் மாற்றி, அந்த மூலையைச் சுத்தம் செய்து, நண்பகலில் ஒரு தடவை கையை நீட்டிப் பாருங்கள்.