அப்பாவும் துடுப்பும் ஒரு மரவீடும்

மார்ச் 20, மாலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம். கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அப்பா, கையில் தேத்தண்ணி. கனடாவின் கிழக்கில் அப்போது காலை ஏழு ஆகப்போகிறது. அங்குள்ள அல்கோன்குவின் பூங்காவில் ஆகஸ்டு 20 இரவு தங்க வேண்டுமென்றால், ஐந்து மாதம் முன்னதாக அந்த நேரத்துக்குத்தான் முன்பதிவு திறக்கும். நல்ல ஏரிகள் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

இந்தப் பைத்தியம் பிடித்து எட்டு வருடம் ஆகிறது. ஸ்கார்பரோவில் இருக்கும் பெரியம்மா மகன் ஒருநாள் என்னைக் காரில் மூன்று மணி நேரம் வடக்கே கூட்டிப் போனார். கனோ ஏரியில் அரை நாளுக்கு ஒரு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்தோம். வானொலிக்காரிக்கு மௌனம் என்றாலே பயம். நிகழ்ச்சியில் நான்கு விநாடி சத்தமில்லாமல் போனால் வியர்த்துவிடும். அன்று ஒரு மணி நேரம் யாருமே பேசவில்லை. லூன் என்ற நீர்ப்பறவை மட்டும் எங்கிருந்தோ அழுவது போலக் கூவியது. இப்போதும் விடியற்காலை நிலையத்துக்குக் கார் ஓட்டும்போது அந்தக் கூவல் ஞாபகம் வரும்.

1893இல் அமைக்கப்பட்ட பூங்கா அது. பரப்பளவு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே ஏரிகளும் ஆறுகளும் பின்னிக் கிடக்கின்றன. படகு வழிகள் மட்டும் 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை காட்டுப் பாதையில் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமந்து நடக்க வேண்டும். இதற்குப் பெயர் போர்ட்டேஜ். திட்டமிடுவதில் பாதி வேலை இந்தக் கணக்குதான். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று இருக்கும். மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பி வந்து படகை எடுத்துப் போனால் கால்களுக்கு அது மூன்று கிலோமீட்டர். டிக்சன் ஏரிக்கும் பான்ஃபீல்ட் ஏரிக்கும் நடுவில் 5,305 மீட்டரில் ஒன்று உண்டு. அதைக் கடந்தே தீருவேன் என்று மூன்று வருடமாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்.

போன வருடம் அம்மா தவறினார். அதற்குப் பிறகு ஒருநாள் அப்பா அந்த வரைபடத்தை எட்டிப் பார்த்து, “நானும் வரட்டுமா?” என்றார். அறுபத்தெட்டு வயது. இடது முழங்காலில் தேய்மானம். நீந்தத் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு நாள் சேர்த்த விடுமுறை, இவ்வளவு நாள் போட்ட கோடு. “பார்க்கலாம்பா” என்று சொல்லி, இரண்டு வாரம் பேச்சையே எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் என்னை உறுத்தியது.

கோட்டை அழித்தேன். பூங்காவின் மிகப் பெரிய ஏரி ஒபியோங்கோ. அங்கே உங்கள் படகையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகு டாக்சி ஒன்று ஏரியின் மறுகோடி வரை கொண்டுபோய் விடும். சுமந்து நடக்க வேண்டியதில்லை. பிற்பகலில் காற்று எழுந்தால் அந்த ஏரியில் அலை புரளும், அதனால் துடுப்பு போடுவதெல்லாம் காலையில் மட்டும். ஆகஸ்டு கடைசி என்பதும் யோசித்த தேர்வுதான். மே, ஜூனில் கருப்பு ஈக்கள் பிடுங்கி எடுத்துவிடும், தண்ணீரும் ஆபத்தான குளிர்.

கனோ ஏரியில்தான் ஓவியர் டாம் தாம்சன் 1917 ஜூலையில் இறந்து கிடந்தார். வயது 39, படகு விடுவதில் பழக்கமானவர். எப்படி நடந்தது என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லி, உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது என்றேன். “தூங்கும்போதுமா?” என்றார். ஞாயிறு காலைகளில் புத்ராஜெயா ஏரியில் பழகுகிறோம். முதல் வாரம் வட்டமடித்தோம். மூன்றாவது வாரம் வேண்டுமென்றே கவிழ்த்து, அங்கியோடு மிதக்கப் பழக்கினேன். தண்ணீரைத் துப்பிவிட்டு, “இன்னொரு தடவை” என்றார்.

சாப்பாட்டுப் பொறுப்பு யாழ்ப்பாணத்து அண்ணிக்கு. உள்காட்டில் டின்னும் போத்தலும் தடை. அதனால் உலர்ந்த இடியப்பம், பருப்பு, வற்றல் எல்லாம் பைகளில். நெத்திலி சம்பலுக்கு மட்டும் அனுமதி இல்லை. கருங்கரடி உலாவும் காடு. வாசனை உள்ள எதையும் இரவில் மூட்டையாகக் கட்டி, கூடாரத்துக்குத் தள்ளி மரத்தில் உயரமாகத் தொங்கவிட வேண்டும். கழிவறை என்பது காட்டுக்குள் ஒரு மரப்பெட்டி, மூடி உண்டு, சுவர் கிடையாது. இதை அப்பாவிடம் சொன்னபோது, “தோட்டத்துல நாங்க பார்க்காததா” என்று சிரித்தார்.

அந்த மரவீடு விஷயத்துக்கு வருகிறேன். வேட்டைத் திருடர்களையும் காட்டுத்தீயையும் கண்காணிக்கப் படகில் சுற்றிய பழைய காவலர்கள், இரவு தங்க ஏரிக்கரைகளில் மரக்கட்டை வீடுகள் கட்டினார்கள். பிறகு விமானத்தில் கண்காணிப்பு வந்தது. மிஞ்சியிருக்கும் சில வீடுகளை இப்போது வாடகைக்கு விடுகிறார்கள். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. கட்டில், மேசை, விறகடுப்பு, அவ்வளவுதான். விலைக்கு வாங்க முடியாது. அது தெரிந்தும் அதில் ஒன்றின் படம் மூன்று வருடமாக என் கைப்பேசியின் முகப்பில் இருக்கிறது.

அப்பா அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தாத்தாவுக்கு ஆற்றோரத்தில் இப்படி ஒரு பலகை வீடு கட்ட ஆசையாம். லயத்து வீட்டிலேயே அவர் காலம் முடிந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது அந்த ஆற்றங்கரைக்கும் வேலி போட்டுவிட்டார்கள். இதை அவர் எனக்குச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

ஏழு மணி அடித்தது. மரவீட்டைத் தேடினேன், எங்கள் தேதிகளில் எதுவும் இல்லை. ஒபியோங்கோவின் கிழக்குக் கரத்தில் மூன்று இரவு, கூடாரம் அடிக்க இடம் கிடைத்தது. பணம் கட்டி முடித்துத் திரும்பினால், அப்பா சுவரிலிருந்து நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

“அடுத்த வருஷம் செப்டம்பர்னா, எந்தத் தேதிம்மா திறப்பான்?”

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தோம்.