உரோமர் காசும் ஈழத்தரசன் தீர்ப்பும்

உரோமச் சக்கரவர்த்திகளின் போர்களையும் மாளிகைகளையும் சரித்திர நூல்கள் விரித்துரைக்கும். அவர்தம் ஆட்சியின் உரத்தை அளத்தற்குப் பிறிதொரு கருவியும் உண்டு. அஃது அவர்கள் வெளியிட்ட காசு. அதனை நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புக் கூறியோருள் ஈழத்து மன்னரும் தமிழகத்து வணிகரும் இருந்தனர் என்பதனை ஈண்டு எடுத்துக் காட்ட விழைகின்றோம்.

கி.பி. முதலாம் நூற்றாண்டினரான பிளினி என்னும் உரோம அறிஞர் ஒரு செய்தி கூறுகின்றார். குளோடியஸ் சக்கரவர்த்தி காலத்தில், வரிக் குத்தகையாளன் ஒருவனின் பணியாள் அராபியக் கடலிற் புயலில் அகப்பட்டு ஈழத்தை அடைந்தான். அவனிடமிருந்த தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசுகளை மன்னன் ஆராய்ந்தான். பொறித்த முகங்கள் வெவ்வேறாயினும் எடை ஒன்றாகவே இருக்கக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்து, அவர்களிடம் நால்வரைத் தூதனுப்பினான். முகத்தையன்றி எடையை நோக்கிய அவ்வரசனின் மதிநுட்பமே இக்கட்டுரையின் கருப்பொருளாகும்.

அக்காலத்தில் மிளகு, முத்து, மணி, மெல்லிய துகில் முதலியவற்றை உரோமர் பெரிதும் விரும்பினர். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கின்றது எனப் பிளினி முறையிட்டார். அப்பணத்தின் ஒரு பகுதி இன்றும் மண்ணிலிருந்து வெளிப்படுகின்றது. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகம் உளியால் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியதன் காரணம் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். முகம் சிதைந்தும் பொன் பொன்னாகவே பேணப்பட்டது என்பது தெளிவு.

கி.பி. 64 அளவில் நீரோ மன்னன் காசின் எடையைக் குறைத்தான். அதற்குமுன் ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் அடிக்கப்பட்டன, அவன் 96 அடித்தான், செம்பும் கலந்தான். தமிழகத்துப் புதையல்களில் ஒகஸ்தஸ், தைபீரியஸ் ஆகியோரின் வெள்ளிக்காசுகள் மிகுந்திருக்க, நீரோவின் குறைந்த காசுகள் அரியனவாதல் நோக்கத்தக்கது. குறைந்த காசை நம் வணிகர் விரும்பிலர் போலும்!

பின்வந்தோர், படைச்செலவு பெருகப் பெருக, மேலும் மேலும் செம்பு கலந்தனர். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளிக்காசு எனப்பட்டது வெள்ளி முலாம் பூசிய செம்பாயிற்று. விலைவாசி விண்ணை முட்டிற்று. 301இல் டயோக்கிளீஷியன் பொருள்களுக்கு உச்ச விலை விதித்து, மீறுவோர்க்கு மரணதண்டனை எனவும் அறிவித்தான். ஆணைக்கு விலை அடங்கவில்லை. அவன்பின் கொன்ஸ்தந்தைன் இறாத்தலுக்கு 72 ஆக அடித்த சொலிடஸ் என்னும் பொற்காசு, எடை வழுவாது ஏறக்குறைய எழுநூறு ஆண்டு நின்றது.

அக்காசிற்கும் ஈழத்திலேயே புகழ் கிடைத்தது. உரோம வணிகன் ஒருவனும் பாரசீகன் ஒருவனும் தத்தம் அரசனே பெரியன் என வாதிட, இந்நாட்டு மன்னன் பாரசீக வெள்ளியையும் உரோமப் பொன்னையும் ஒப்புநோக்கி உரோமனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தான் என ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் எழுதினார். கதையெனினும் கருத்து மெய்யே. நம் கந்தரோடையிலும் மாந்தையிலும் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் அகப்பட்டுள்ளன.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளற்பாலன அல்ல. 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்தது, மே மாதத்தில் 360 வரை சென்றதை நாம் கண்டோம். உழைத்துச் சேர்த்தோரும் ஓய்வூதியத்தில் வாழ்வோரும் தம் கைப்பொருள் பாதியளவிற் கரைந்ததை உணர்ந்தனர். தாளில் அச்சிட்ட எண் மாறவில்லை. அதன் எடையே மாறிற்று.

காசு என்பது அரசு தன் குடிகளுக்கு அளிக்கும் வாக்கு. நாளை வணிகராகவும் வங்கியாளராகவும் ஆட்சியாளராகவும் விளங்கவுள்ள மாணவர் இதனை உளங்கொள்வாராக. காசில் முகம் பொறித்தல் எந்த மன்னனுக்கும் எளிது. எடை காத்தலே அரிது. உலகம் நிறுத்துப் பார்ப்பதும் அதனையே.