மரபணுவும் மயக்க மருந்தும்

அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் சில வேளை நோயாளியின் சமூகத்தைக் கேட்பதுண்டு. மருத்துவமனையிலும் சாதியா என்று நமக்குச் சினம் வரலாம். ஆனால் அக்கேள்வியில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

மூச்சுக்குழலில் குழாய் செலுத்துமுன் தசைகளைத் தளர்த்தச் சக்சினைல்கோலின் என்னும் மருந்தை ஊசியால் ஏற்றுவர். நம் குருதியிலுள்ள பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் (நாவைச் சுளுக்கும் பெயர், நொதி என்றே அழைப்போம்) அதனைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்நொதி செயற்படாதவர்க்கோ மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் எழுவதில்லை. செயற்கைச் சுவாசம் தந்து காத்திருந்தால் பிழைப்பர். காரணம் அறியாது குழாயை எடுத்துவிட்டால் பேராபத்து.

ஓசூர், கிருஷ்ணகிரிக் கடைத்தெருக்களில் வணிகம் செய்யும் ஆரிய வைசியரிடையே இக்குறை பிறரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மிகுதி. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தார் பங்கேற்ற ஆய்வொன்று 2006இல் காரணத்தைக் காட்டியது. நொதியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் அமர்ந்துவிட்டது. 300 கோடி எழுத்துக்கள் கொண்ட மரபணுத் தொகுதியில் ஓர் எழுத்து மாற்றம்! சாதியைக் கேட்பது ஊகமே. அவ்வெழுத்தைச் சோதிப்பதோ அந்தத் தனி மனிதரைப் பற்றியே பேசுகிறது. வருங்கால மருத்துவத்தின் திசை இதுவே எனலாம்.

இதனை ஒரு சமூகத்தின் குறையாக எண்ணுதல் தவறு. ஐதராபாத் சி.சி.எம்.பி. அறிஞர் தங்கராஜ், அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக் ஆகியோர் குழு 2017இல் 260க்கு மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிடமிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்து வந்தவை. ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு பழுது ஒளிந்திருக்கக்கூடும். எல்லைக்கு அப்பால் பெங்களூரிலுள்ள மூளை ஆராய்ச்சி மையத்தின் தலைமையில் 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டுள்ளனர். இத்தேடலுக்கு அது உதவும்.

நம் பகுதியிலோ சாதிக்குள் மணப்பதோடு நில்லாமல், அக்காள் மகளை மணப்பதை உரிமையாகவும் கொள்கிறோம். பாட்டியிடமிருந்த ஒரே பழுது, மாமன் வழியாகவும் தாய் வழியாகவும் ஒரு குழந்தையிடம் இரட்டையாக வந்து சேரலாம். எங்கள் வீட்டிலும் எனக்கு இப்பேச்சு நடக்கிறது; பட்டம் முடியட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

பாட்டியிடம் இதனை விளக்கினேன். "உங்க தாத்தா எனக்குத் தாய்மாமன்தானே? எம்புள்ளைங்க நாலும் நல்லாத்தானே இருக்குது?" என்றார். உண்மைதான். பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுது இருந்தாலும், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. அப்பழுதைச் சுமப்பவர் யார் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. சிறிதளவு குருதியைச் சோதித்தால் தெரியும்.