தயிர் சாதமும் வெள்ளைத் தட்டும்

கண் மருத்துவமனையில் நாம் படித்துக் காட்டும் எழுத்துப் பலகையை நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் உருவாக்கினார். ஒருவருக்கு 6/60 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டர் தூரத்தில் படிக்கும் எழுத்தை அவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார் என்று பொருள். அளவு சரிதான். ஆனால் பலகையில் இருப்பது பளிச்சென்ற வெள்ளையில் அழுத்தமான கறுப்பு. வீட்டிலோ சிமெண்ட் படியும் தரையும் ஒரே சாம்பல் நிறம். கடைசிப் படி எங்கே என்று கால்தான் துழாவ வேண்டும். வெள்ளைத் தட்டில் தயிர் சாதம் எங்கே முடிகிறது என்று தெரியாது. எவர்சில்வர் தட்டிலோ விளக்கொளி பட்டுக் கண் கூசும். ஒரு பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கும் திறனை அளக்க, எழுத்துகள் சிறுக்காமல் வெளிறிக்கொண்டே போகும் பெல்லி-ராப்சன் பலகை 1988இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் கூர்மையையும் பார்வைப் பரப்பையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. ஒரே 6/60 சான்றிதழ் பெற்ற இருவரில் ஒருவர் தனியாகக் கடைக்குப் போய்வருவார், மற்றவர் வாசல்படி தாண்டமாட்டார். அந்த வித்தியாசத்தையும் அளந்தாக வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த வித்தியாசம் வாழ்க்கைத் தரம் சார்ந்தது, அதுவோ ஆளுக்கு ஆள் மாறும் மனநிலை, அதை அளப்பது எப்படி என்று கேட்கலாம். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் 25 கேள்விகள் கொண்ட படிவம் மனநிலையோடு நிற்பதில்லை. மங்கிய வெளிச்சத்தில் படி இறங்க முடிகிறதா, நிறைந்த அலமாரியில் தேடியதை எடுக்க முடிகிறதா என்றும் கேட்கிறது. படிவத்தை நம்பாதவர்கள் தராசை நம்பலாம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது கடந்த தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. அவர்களுக்குத் தூரப் பார்வை நன்றாகவே இருந்தது; தூரப் பலகையில் குறை தெரிந்திருக்காது. அருகில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்ததும், பெறாதவர்களோடு ஒப்பிட, பறித்த இலையின் எடை சுமார் 22 சதவீதம் கூடியது.

முதலில் சிகிச்சை கொடுங்கள், மற்றது பிறகு என்பவர்கள் கண்புரை விஷயத்தில் முற்றிலும் சரி. கண் அழுத்த நோயில் போன பார்வையோ திரும்புவதில்லை. அப்படிப் பார்வை இழந்தவர்களுக்குப் படியின் விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை, மோருக்கு அடர்நிற டம்ளர் என்று சுற்றுப்புறம்தான் மாற வேண்டும். அது எதிர்த்திசையிலும் மாறலாம் என்பதற்கு நம் ரூபாய் நோட்டையே பாருங்கள். பழைய 100க்கும் 500க்கும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. இப்போதைய 100, 200, 500 மூன்றும் 66 மில்லிமீட்டர் அகலம். நீளம் 142, 146, 150. ஓரத்தில் புடைத்த கோடுகள் உண்டு என்றாலும் பல கை மாறி நைந்த நோட்டில் அவை மழுங்கிவிடும். பஸ்ஸில் கண்டக்டர் காத்திருக்க, விரல் தேடுவது அந்த 4 மில்லிமீட்டரைத்தான்.