உப்புக்குளம்: பெயர்வும் மீள்வும்

போரின் பின் ஓர் ஊரை மீளக் கட்டுதல் என்பது சுவரும் கூரையும் எழுப்புவதோடு முடிவதன்று. ஆப்கானித்தான நாட்டார் 2002 ஆம் ஆண்டின் பின் பாக்கித்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் இலட்சக்கணக்கில் மீண்டபோது, பலருடைய நிலங்கள் பிறர் கையில் இருந்தன. இவ்வுண்மையை நம் நாட்டிலேயே விளக்கி நிற்பது மன்னார்த் தீவின் நகர்ப்புறத்தே அமைந்த உப்புக்குளம்.

இவ்வூர் முஸ்லிம் மக்களின் தாய்மொழி தமிழ். பலருக்குக் கடலே வயல். மாந்தைத் துறை சிறந்திருந்த காலந்தொட்டு அராபிய வணிகர் தொடர்பு பெற்றது இக்கரை. முத்துக்குளிப்பிலும் மீன்பிடியிலும் முஸ்லிம்கள் கத்தோலிக்கரோடும் இந்துக்களோடும் தொழிலுறவு கொண்டு வாழ்ந்தனர். ஒரு துறையில் யார் தோணி ஏற்றுவது, எங்கே வலை உலர்த்துவது என்பன எழுத்தில் இல்லை; வழக்கே சட்டமாயிருந்தது.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர்த் திங்களில் அவ்வழக்கு அறுந்தது. தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறப் பணித்தனர். ஏறத்தாழ 75,000 பேர் ஊர் துறந்தனர். அவருட் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். தீவினருட் பலர் தோணியேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்து ஓலைக் குடில்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. தமிழ் பேசுவோர் பெயரால் நடந்த போரில், தமிழ் பேசுவோரே இவ்வாறு அகற்றப்பட்டனர் என்பது தமிழறிந்தோர் மறக்கலாகாத செய்தியாகும்.

2009 ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தது. 2010 இல் மன்னார்ப் பாலம் புதிதாய்த் திறக்கப்பட்டது. 2015 இல் தலைமன்னாருக்குப் புகைவண்டி மீண்டும் ஓடிற்று. பாதைகள் விரைவில் மீண்டன. உரிமைகள் அவ்வாறு மீளவில்லை. உப்புக்குளம் மீனவர் திரும்பியபோது, அவர்தம் பழைய இறங்குதுறையை விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் மீனவர் பயன்படுத்தி வந்தனர். 2012 ஆம் ஆண்டு இப்பிணக்கு முற்றி, நீதிமன்றத்தின்மேற் கல்லெறியும் அளவிற்குச் சென்றது.

இங்கே உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இரு திறத்தாரும் அதே போரினால் வேரறுக்கப்பட்டோர். ஒருவர்க்கு நெடுங்கால வழக்கு. மற்றவர்க்கு வேறு போக்கிடமின்மை. எழுதப்படாத உரிமை, உரியவர் அகன்றிருந்த இருபதாண்டில் சான்றிழந்து நின்றது. கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தன் 2011 ஆம் ஆண்டு அறிக்கையில், வடபுல முஸ்லிம்களின் மீள்குடியேற்றத்துக்கு ஒரு தெளிவான அரச கொள்கை வேண்டுமெனப் பரிந்துரைத்ததன் பொருள் இதனால் விளங்கும். வீட்டுக்கு உதவிப்பணம் அளித்து, துறையைப் பற்றி வாளாவிருப்பின், உதவியே பகைக்கு வித்தாகும்.

தீர்வுக்குரிய குறிப்பு மரபிலேயே உள்ளது. இலங்கைக் கடற்கரைகளிற் கரைவலை இழுக்கும் சம்மாட்டிமார், ஒரே பாட்டில் முறைவைத்து வலை வளைப்பர். இன்று ஒருவர் முறை, நாளை மற்றவர் முறை. கடல் யாருக்கும் தனியுடைமையன்று என்ற தெளிவினின்றும் பிறந்த ஒழுங்கு அது. பழையோர் உரிமையை முதலில் ஒப்புக்கொண்டு, வந்தோர்க்கும் இடம் வகுக்கும் முறையொன்றை இருசாராரும் கூடி எழுத்தில் அமைப்பரேல், உப்புக்குளத்தின் மீள்வு நிறைவுறும். அதுகாறும் கட்டப்பட்டவை வீடுகளே; ஊர் அன்று.