ஓரியின் மலையில் காடு எங்கே?

வன்பரணரின் புறநானூற்றுப் பாட்டில் வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டுபோய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. வில்லாண்மையைப் புகழும் பாட்டுதான். ஆனால் கொல்லிமலைத் தலைவனைப் பாடியது என்பதால், அந்தக் காலத்து விலங்குப் பட்டியலாகவும் அதைப் படிக்கலாம். அதில் யானையும் புலியும் இன்று இந்த மலையில் இல்லை. பன்றிக்குக் குறைவில்லை, மரவள்ளி போட்டவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். காடு பார்க்கும் ஆசையில் ஏறுபவருக்கு மேலே போனதும் சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. செம்மேடு, சோளக்காடு என்று ஊர்கள், வயல்கள், சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிய மிளகுக் கொடிகள். மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்த பூமி இது. ஏர் பூட்ட முடியாத செங்குத்துச் சரிவுகளில்தான் அடர்ந்த காடு தப்பித்திருக்கிறது. வளைவுகளை எண்ணிக்கொண்டே பயணிகள் அவசரமாகக் கடந்து வந்தார்களே, அதுதான் காடு!

அங்கே நிற்பவர்களும் பெரும்பாலும் குரங்குக்குச் சிப்ஸ் போடத்தான் நிற்கிறார்கள். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு சாலையை விட்டு நகராது; வண்டியில் அடிபடும், பையைப் பறிக்கும். பிறகு பழி குரங்கின் மேல்.

சரிவுக் காட்டை நடந்து பார்க்க ஆகாய கங்கை அருவிக்கு இணையில்லை. அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. பாதி தூரத்தில் இரைச்சல் கேட்கும். கடைசிப் படிகளில் சாரல் முகத்தில் அடிக்கும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் ஐயாறு என்ற ஆறுதான் அடிவாரத்தில் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் ஓடுகிறது. இறங்குவது சுலபம்; திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும். வெள்ளம் பெருகினால் அருவிக்கு அனுமதி கிடையாது.

படிகளை விட்டு விலகிக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்; அது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்காது.