பாட்டுக்கு யார் முகம் கொடுக்கிறது?

குறிகட்டுவானில் படகேறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நாகபூசணி அம்மனிடம் போகிறவர்கள், நாகவிகாரைக்குப் போகிற சிங்களச் சனம், தீவுப் பள்ளிவாசலுக்குப் போகிற எங்களைப் போன்ற இரண்டொருவர் என்று எல்லாரும் ஒரே பலகையில்தான் இருப்போம்.

ஒருநாள் ஒரு தம்பி ஃபோனில் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் (1925–2015) 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டைப் போட்டார். பக்கத்தில் திருநீறு பூசிய ஒரு அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தா. பாட்டு முடியும் நேரம் திரையை எட்டிப் பார்த்தா. கஃபா, மினாரா, தஸ்பீஹ் மணி. "ஓ, இது உங்கட பாட்டோ?" என்றா. அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதுவரை அது அவவின்ட பாட்டாகவும் இருந்தது.

பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது எது?

இசைக் காணொளிகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின், 1992இல் வெளிவந்த தன் நூலில் சொல்லுக்கும் காட்சிக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார். காட்சி சொல்லையே திருப்பிக் காட்டலாம். சொல் சொல்லாத பொருளைச் சேர்க்கலாம். சொல்லோடு ஒட்டாமல் விலகியும் நிற்கலாம். தமிழ் படித்தவர்களுக்கு இரண்டாவது வகை புதிதல்ல. சங்கப் பாட்டில் கருப்பொருள் வெளியே நிற்க, உள்ளுறை வேறொன்றைச் சொல்லுமே, அதற்குக் கிட்டடியான வேலைதான் இது.

யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த எம்.ஐ.ஏ.யின் 'பேட் கேர்ள்ஸ்' காணொளி 2012இல் வந்தது. வரிகளில் துணிச்சலும் கார் ஓட்டமும் உண்டு. அறபு நாடு இல்லை. மொறோக்கோவில் எடுத்த காட்சியிலோ முகத்திரை போட்ட பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். அப்போது சவூதியில் பெண்கள் வாகனம் ஓட்டத் தடை. அது 2018 ஜூனில்தான் நீங்கியது. ஆகவே பலர் அந்தப் பாட்டை உரிமைக் குரலாகவே கேட்டார்கள். அந்தப் பொருளைக் கொடுத்தது காட்சிதான். அதே காட்சி, அறபுலகம் என்றால் பாலைவனமும் துவக்கும்தான் என்ற பழைய எண்ணத்துக்கும் தீனி போடுகிறது. காட்சி ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கவும் கூடும்.

ஹனிபாவின் பாட்டுக்கு வருவோம். கஃபாவைக் காட்டுவது பிழையென்று நான் சொல்ல வரவில்லை. பாடியவரின் ஈமான் அதுதான். படம் போட்டவர் முதலாவது வகையைச் செய்வதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் பல்லவி 'இறைவன்' என்ற பொதுச்சொல்லால் எல்லாரையும் கூப்பிடுகிறது. அந்தச் சொல்லுக்குப் படம் ஒரு எல்லை போட்டுவிட்டது. விளக்கம் என்று வைத்தது, கேட்பவர் வட்டத்தைச் சுருக்கிவிட்டது. காதால் கேட்டபோது பாட்டில் வரும் கடல் எங்களைச் சுற்றிக் கிடந்த கடலாகவே இருந்தது; திரையில் அது இல்லை.

இப்போது எங்கட பிள்ளைகளே நாகூர்ப் பாட்டுகளுக்கும் பைத்துகளுக்கும் ஃபோனில் படம் ஒட்டுகிறார்கள். ஒட்டமுதல் திரையை மூடிவைத்து ஒருமுறை பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தச் சொல் யாரைக் கூப்பிடுகிறது, என் படம் அவர்களில் யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்கட்டும். அந்தப் படகில் எல்லாருக்கும் இடம் இருந்தது. பாட்டிலும் இருந்தது.